ஐம்பது சொல்லில் ஒரு கேம்: குட்டி விமர்சனம் எழுதுவது எப்படி

மாதக் கடைசியில் உட்கார்ந்து, அந்த மாதம் விளையாடிய ஏழெட்டு கேம்களுக்கு ஆளுக்கொரு பத்தி எழுதிப் போடுகிற பழக்கம் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பத்திகளில் கேமின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒரு வித்தியாசமும் தெரியாது. "கிராஃபிக்ஸ் பிரமாதம், கதை கொஞ்சம் இழுவை, சண்டை செம, ஒரு தடவை விளையாடலாம்." இது எந்த கேம்? எதுவாகவும் இருக்கலாம்.

படிக்க வருகிறவருக்கு வேண்டியது மூன்றே விஷயம். விளையாடும்போது கை என்ன வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வேலை எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம் பிடித்துப்போகும் அல்லது அலுத்துப்போகும். யார் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. இந்த மூன்றும் ஐம்பது அறுபது சொல்லுக்குள் தாராளமாக அடங்கும். இடம் மிச்சம் இருந்தால் இசை, ஓவியம், குரல் நடிப்பு எல்லாம் வரட்டும். இதில் இரண்டாவது விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எவ்வளவு விளையாடிவிட்டு எழுதுவது

"முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்" என்று ஒரு கட்சி, "ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்" என்று இன்னொரு கட்சி. ஒவ்வொரு வகைக்கும் அதன் நிஜ முகம் தெரிகிற நேரம் வேறு வேறு, அதனால் ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைப்பதில் அர்த்தமில்லை.

பெரிய ஆர்பிஜியை (ஒரு பாத்திரமாகவே கதைக்குள் வளர்ந்துகொண்டு போகிற வகை) எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதல் பகுதிதான் பெரும்பாலும் நன்றாக இழைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் வாங்கிய எல்லாரும் பார்க்கப்போவது அதைத்தான், கடைசிவரை போகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர். பால்டர்ஸ் கேட் 3-இன் முதல் அத்தியாயம் 2020 அக்டோபரிலிருந்தே ஏர்லி ஆக்சஸில் (முடிவதற்கு முன்பே விற்கிற முறை) மக்கள் கையில் இருந்து, அடிபட்டு, மெருகேறி வந்தது. 2023 ஆகஸ்டில் முழு கேம் வந்தபோது, மூன்றாவது அத்தியாயத்தில் அந்தப் பெரிய நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஃபிரேம் ரேட் தடுமாறிப் படம் திக்கியது, பக்குகளும் (நிரல் கோளாறுகள்) கூடுதலாகக் கண்ணில் பட்டன. முதல் இருபது மணி நேரத்தை மட்டும் வைத்து எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆர்பிஜியை முடிக்க நேரமில்லை என்றால் குற்றமில்லை, எதுவரை போனீர்கள் என்று அந்தப் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், போதும்.

ரோக்லைக் வகைக்கு (தோற்றால் முதலிலிருந்து, ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி) முதல் வெற்றிதான் எல்லைக்கோடு. அதுவரை புதிதாக ஏதாவது திறந்துகொண்டே இருக்கும், அந்த உற்சாகத்தில் சுமாரான கேம்கூட நல்ல கேம் மாதிரி தெரியும். ஜெயித்த பிறகும் "இன்னொரு ரவுண்டு" என்று கை தானாகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அதையே எழுதுங்கள்: ஜெயிக்கும்வரை சந்தோஷம், அப்புறம் காற்று போய்விட்டது என்று. ஹேடஸ் 2 மாதிரி கீழே பாதாளத்துக்கு ஒரு வழி, மேலே ஒலிம்பஸுக்கு ஒரு வழி என்று இரண்டு பாதை வைத்திருக்கும் கேமில் இரண்டையும் தொடாமல் தீர்ப்பு சொல்வது பாதிப் படத்தோடு எழுந்து வருவதுதான்.

ஸ்ட்ராடஜி கேமுக்கு ஒரு முழு ஆட்டமும், இரண்டாவது ஆட்டத்தின் ஆரம்பமும் வேண்டும். முதல் ஆட்டம் முழுக்க விதிகளைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும், இரண்டாவதில்தான் நீங்கள் உண்மையிலேயே முடிவெடுக்கிறீர்களா, இல்லை போன தடவை செய்ததையே திரும்பச் செய்கிறீர்களா என்பது தெரியும். சண்டை கேமுக்கு ஆன்லைனில் மனிதர்களிடம் உதை வாங்க வேண்டும், கம்ப்யூட்டரோடு ஆடியதை வைத்து எழுதக் கூடாது. ரேசிங் கேம் ஒரே மாலையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஆடவே செய்யப்பட்ட கேமை, தெரியாத ஆளோடு ஒரு தடவை, கேம் ஆடிப் பழக்கமில்லாத நண்பரோடு ஒரு தடவை என்று ஆடிப் பார்த்தால் மிக நல்லது, அது எல்லாருக்கும் முடியாது, தெரியும்.

மல்டிபிளேயருக்குப் பொறுமை வேண்டும். ஹெல்டைவர்ஸ் 2 வந்த 2024 பிப்ரவரியில் கூட்டம் தாங்காமல் சர்வர் திணறியது, உள்ளே நுழைவதே பெரும்பாடாக இருந்தது. அந்த வார இறுதியில் எழுதியவர்கள் "உள்ளே போக முடியவில்லை" என்று எழுதினார்கள், அது உண்மைதான். ஒரு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சர்வர் சண்டையை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டு, தோழனையே தவறிச் சுட்டுவிடக்கூடிய அந்தக் குழப்பம்தான் இந்த கேமின் சிரிப்பு என்பதற்கு மிச்ச இடத்தைக் கொடுத்தவர்கள் எழுதியது இன்றும் செல்லும்.

இன்னொரு நடைமுறை விஷயம். ஸ்டீம் என்கிற பிசி கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்படியென்றால் படிக்கிறவர் கையில் இருப்பது அந்த இரண்டு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் கேமை ஒழுங்காகக் காட்டுகிறதா, இல்லை ஏமாற்றுகிறதா என்று ஒரு வரி எழுதினால் அவருக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அதுதான். டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் ஆரம்பத்தில் வானத்துத் தீவுகளிலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துப் பாடம் நடத்தும்; அதைப் பார்த்து "சின்னதாக இருக்கிறதே" என்று நினைத்தால் மொத்தமும் தப்பாகிவிடும்.

முதல் வாக்கியம்: கை என்ன செய்கிறது

கதைச் சுருக்கத்தோடு ஆரம்பிக்காதீர்கள். வினைச்சொல்லோடு ஆரம்பியுங்கள். ஓடுகிறோமா, ஒளிகிறோமா, சீட்டு அடுக்குகிறோமா, கட்டுகிறோமா, காத்திருக்கிறோமா? எவ்வளவு பெரிய கேமாக இருந்தாலும் நேரத்தில் பெரும்பங்கைத் தின்கிற வேலை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. விளம்பரத்தில் வருகிற வேலையும் நிஜத்தில் செய்கிற வேலையும் ஒன்றாக இருக்காது என்பதையும் கவனியுங்கள், ஓப்பன் வேர்ல்டு கேம்களில் டிரெய்லர் முழுக்கச் சண்டை, விளையாடினால் பாதி நேரம் குதிரைச் சவாரி.

ஒரு உதாரணம் எழுதிக் காட்டுகிறேன்.

பலாட்ரோ, 2024: போக்கர் சீட்டுகளில் ஜோடி, ஃப்ளஷ் என்று சேர்த்துப் புள்ளி எடுக்கிறீர்கள். நடுவில் வாங்குகிற ஜோக்கர்கள் அந்தப் புள்ளி பெருகும் விதத்தையே மாற்றிவிடும். மொத்தம் 150 ஜோக்கர்கள், வழக்கமாக ஐந்துக்குத்தான் இடம். போக்கர் தெரியாதவரும் அரை மணியில் பிடித்துவிடலாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் கட்டத்தின் கடைசியில் வரும் பாஸ் சுற்றின் ஒரே ஒரு விதியால் கவிழ்ந்தால் கடுப்பாகிறவர்கள் வேண்டாம். விடிந்தால் வேலை இருக்கிறவர்களும் வேண்டாம்.

இதில் "தனி ஒருவர் உருவாக்கியது" என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உண்மைதான், லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் ஒரே ஆள் செய்தது, கேட்க ஆச்சரியமாகவும் இருக்கும். ஆனால் விளையாடுகிற கைக்கு அதனால் எதுவும் மாறாது. குட்டி விமர்சனத்தில் இந்த மாதிரித் தகவல்கள்தான் முதலில் உள்ளே நுழையப் பார்க்கும், இடத்தை அடைக்கும். அனிமல் வெல் 40 எம்பிக்கும் குறைவு என்பதும் இதே ரகம்தான், நானே சொல்லாமல் இருக்க முடியவில்லை பாருங்கள்.

இன்னொன்று, இது வேறு வகை.

கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33, 2025: முறை வைத்து அடிக்கிற ஆர்பிஜிதான், ஆனால் எதிரியின் முறை வரும்போது கன்ட்ரோலரைக் கீழே வைக்க முடியாது. ஒவ்வொரு அடியையும் சரியான நொடியில் தடுக்க வேண்டும், அல்லது விலக வேண்டும். அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் வழியில் வரும் சில்லறைச் சண்டைகூட அலுக்காது. பிடிபடாதவர்கள் கஷ்ட அளவைக் குறைத்துவிட்டுக் கதைக்காகப் போகலாம், கதை அதற்குத் தகுதியானது. பகுதிகளுக்குள் மினிமேப் (திரை ஓரத்துச் சிறு வரைபடம்) கிடையாது, வழி தெரியாமல் சுற்றுவீர்கள்.

இங்கே "பழைய ஃபைனல் ஃபேன்டசி மாதிரி" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஒப்பீடு சுலபம்தான், படிக்கிறவர் அந்த கேமை ஆடியிருந்தால் மட்டும். ஆடாதவருக்கு ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர் கிடைக்கும், அவ்வளவே. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் எந்த அம்சத்தில் என்று சொல்லுங்கள். "டார்க் சோல்ஸ் மாதிரி" என்பதை எத்தனை கேம்களுக்கு ஒட்டிவிட்டார்கள் என்று யோசியுங்கள், செத்தால் சேர்த்ததெல்லாம் கீழே விழுகிறதா, மேப் பின்னிப் பின்னி ஒரே இடத்துக்கு வருகிறதா, இல்லை வெறுமனே கஷ்டமாக இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு சங்கதி.

கஷ்டம் என்று சொன்னால் போதாது

கஷ்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் விமர்சகரின் தற்பெருமை எட்டிப் பார்க்கும். "எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை" என்பதால் யாருக்கும் உபயோகமில்லை. என்ன விதமான கஷ்டம் என்று பிரித்துச் சொல்லுங்கள்: விரல் வேகமா, நினைவாற்றலா, திட்டமிடலா, பொறுமையா. தோற்றால் என்ன இழப்பு? திரும்ப முயற்சி பண்ண எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? பல பேர் ஒரு கேமை விட்டுவிடுவது பாஸ் (கட்டத்தின் கடைசியில் நிற்கும் பெரிய எதிரி) அடிப்பதால் இல்லை, அந்த பாஸ் இருக்கும் அறைக்குத் திரும்பத் திரும்ப ஓட வேண்டியிருப்பதால்தான்.

ஹாலோ நைட்: சில்க்சாங், 2025: நாயகி ஹார்னெட்டை ஓடவிட்டு, பாயவிட்டு, சுவரைப் பிடித்து ஏறவைப்பதே தனி சுகம், இந்த வகையில் இவ்வளவு லாவகமான அசைவு அபூர்வம். ஆனால் ஆரம்பத்தில் உயிருக்கு ஐந்தே மாஸ்க், பல எதிரிகள் ஓர் அடிக்கு இரண்டு பறிக்கிறார்கள். மூன்று அடியில் கதை முடிந்தது. தோற்றால் மறுபடி அங்கே ஓடி வர வேண்டும். முந்தைய ஹாலோ நைட்டின் பிற்பகுதி பிடித்தவர்களுக்கு விருந்து. அதன் முதல் பகுதியிலேயே மூச்சு வாங்கியவர்கள் இதற்கு வர வேண்டாம்.

கணக்கைச் சொன்னதும் கஷ்டம் எப்படிப்பட்டது என்று தானாகப் புரிகிறதல்லவா? இந்த கேமுக்கு, இதை உருவாக்கிய டீம் செர்ரி முன்கூட்டியே ரிவ்யூ பிரதி கொடுக்கவில்லை, செப்டம்பர் 4 அன்று எல்லாரும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பித்தார்கள். அதனால் முதல் வாரத்தில் வந்த பல தீர்ப்புகள் முன்பாதியைப் பற்றியவை. அப்புறம் வந்த முதல் பேட்சிலேயே (வெளியான பிறகு வரும் திருத்தம்) ஆரம்பகால பாஸ்கள் சிலரைக் கொஞ்சம் இளக்கிவிட்டார்கள். தேதி போட்டு எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கு இதெல்லாம்தான் காரணம்.

எதில் ஆடினீர்கள், எந்தப் பேட்சில்

2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது நடந்தது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கதை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். நல்ல பிசியில் ஆடியவர்கள் புகழ்ந்து எழுதினார்கள். பழைய பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கி, திக்கித் திணறி ஓடிய ஒன்றைப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்து கேமின் உள்ளமைப்பையே மாற்றியது. இந்த மூன்று கட்டத்துக்கும் மூன்று தீர்ப்பு, மூன்றும் அந்தந்த நேரத்தில் சரியாக இருந்திருக்கும், எந்த இயந்திரம் எந்த மாதம் என்று சொல்லியிருந்தால்.

அதனால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் சின்னதாக "பிஎஸ்5, வெளியான இரண்டாவது வாரம்" என்று போடுங்கள். சொற்கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

கேமுக்குள் இருக்கும் கடையையும் மறக்காதீர்கள். முன்கூட்டியே கொடுக்கும் பிரதியில் அந்தக் கடை பெரும்பாலும் திறந்திருக்காது. 2024 மார்ச்சில் டிராகன்ஸ் டாக்மா 2 வெளிவந்த அன்றைக்குத்தான் காசு கொடுத்து வாங்கும் பொருட்களின் பட்டியலைப் பலரும் முதன்முதலாகப் பார்த்தார்கள், அதற்குள் புகழ்மாலைகள் எல்லாம் வெளிவந்துவிட்டன. 2023-இல் ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கிலும் ஆயுதத்தை மேம்படுத்தும் டிக்கெட்டுகள் வெளியீட்டுக்கு அப்புறம்தான் விற்பனைக்கு வந்தன. இரண்டுமே நல்ல கேம்கள்தான், அந்தக் கடை இல்லாமலே முழுதாக ஆடலாம். ஆனாலும் வெளியான பிறகு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு நாள் தாமதம்தான்.

புதிர் கேம்: சொல்லாமல் சொல்வது

இருப்பதிலேயே எழுதச் சிரமமானது இந்த வகைதான். புதிரின் அழகைச் சொல்லப்போனால் புதிர் போய்விடும். என் வழி இது: முதல் அரை மணியில் கேமே சொல்லிக்கொடுக்கிற விதிகளை மட்டும் எழுதுவேன், அதற்கு மேல் "இது இன்னும் ஆழமாகப் போகும்" அல்லது "போகாது" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன்.

புளூ பிரின்ஸ், 2025: ஒரு மாளிகையின் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகள் காட்டப்படும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த அறை அங்கே முளைக்கும். 45 அறை வீட்டில் 46-ஆவது அறையைத் தேட வேண்டும். நாள் முடிந்தால் வீடு கலைந்து மறுபடி முதலிலிருந்து. பேனாவும் நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். விடை தெரிந்தும் தேவையான அறை வராமல் ஒரு நாள் முழுக்க வீணாகும், அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் தள்ளி நில்லுங்கள்.

இந்த அதிர்ஷ்ட விஷயம் எனக்கே பாதிநேரம் எரிச்சல்தான். ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டு ஆடுகிற கேம் என்றால் எவ்வளவு அடித்தாலும் தாங்குகிற ரகம் நான், அதைப் படிக்கிறவருக்குச் சொல்லிவிட வேண்டும். விமர்சகருக்கு என்ன சபலம் என்று தெரிந்தால்தான் அவர் புகழுகிறபோது எவ்வளவு கழித்துக்கொள்வது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

சில வகைகளுக்கு இரண்டு வரி போதும். சிவிலைசேஷன் 7, 2025: ஆட்டம் மூன்று காலங்களாக உடைகிறது, ஒவ்வொரு உடைப்பிலும் உங்கள் நாகரிகத்தையே மாற்ற வேண்டும், ஒரே நாட்டைக் கற்காலத்திலிருந்து ராக்கெட் வரை வளர்க்கும் சுகத்துக்காக வந்தவர்கள் ஏமாறுவார்கள். ஸ்பிளிட் ஃபிக்ஷன், 2025: துணை இல்லாமல் ஆட முடியாது, ஒருவர் வாங்கினால் இன்னொருவர் இலவசமாகச் சேரலாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டே மாறிவிடும். மாரியோ கார்ட் வேர்ல்ட், 2025: 24 பேர் ஓடும் நாக்அவுட் டூர் பிரமாதம், சும்மா சுற்றித் திரியும் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2023: பட்டன் வரிசையை மனப்பாடம் செய்யப் பயந்தவர்கள் மாடர்ன் கன்ட்ரோல் என்கிற சுலபமான முறையில் இன்றே ஆரம்பிக்கலாம், சாக்குப்போக்கு செல்லாது.

வெட்ட வேண்டியவை

எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, இவற்றைத் தேடி எடுங்கள்: "அடிக்ட் ஆக்கிவிடும்", "வேற லெவல்", "மாஸ்டர்பீஸ்", "ரசிகர்களுக்கு விருந்து" (மேலே நானும் விருந்து வைத்திருக்கிறேன், யாருக்கு என்று சொல்லி வைத்ததால் தப்பிக்கிறேன்), "சில குறைகள் இருந்தாலும்". இந்தக் கடைசி ஆள்தான் மோசம். எந்தக் குறை? அதைச் சொல்ல இடமில்லை என்றால் அந்த வாக்கியத்துக்கும் இடமில்லை. கிராஃபிக்ஸ் அழகு என்றால் எதைப் பார்த்து நின்றுவிட்டீர்கள் என்று ஒரு இடத்தைச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடும் என்று எண் மட்டும் போடுவதையும் நிறுத்தலாம். நாற்பது மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் சலிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

மதிப்பெண் போடுவதா வேண்டாமா? ஜப்பானின் ஃபாமிட்சு கேம் பத்திரிகையில் நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்குப் போட்டு மொத்தம் நாற்பது. 1998-இல் ஒகரினா ஆஃப் டைம்தான் முதலில் முழு நாற்பதும் வாங்கியது. ஸ்டீமில் கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். 2010-இன் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் விமர்சன மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 எடுத்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்ததாகவும், 84-இல் நின்றுபோனதாகவும் அதை உருவாக்கிய அப்சிடியனின் கிறிஸ் அவலோன் பின்னால் சொன்னார். நம் எண்ணால் யார் போனஸும் போகப்போவதில்லை. ஆனாலும் குட்டி விமர்சனத்துக்கு எண் வேண்டாம் என்பது என் கட்சி: பக்கத்தில் எட்டு என்று இருந்தால் யாரும் பத்தியைப் படிக்க மாட்டார்கள். எதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் "இப்போதே", "பேட்ச் வரட்டும்", "விலை குறையட்டும்", "விடுங்கள்" என்று நான்கில் ஒன்றைப் போடுங்கள், அதை வைத்து ஒருவர் ஏதாவது முடிவெடுக்கலாம்.

பாதியில் விட்ட கேமைப் பற்றியும் தைரியமாக எழுதலாம், எங்கே விட்டீர்கள், எதனால், விடாதவருக்கு அங்கே என்ன இருக்கக்கூடும் என்ற மூன்றையும் சொன்னால். இப்படி:

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2, 2025: 1403-ஆம் வருட பொஹீமியாவில் ஒன்றும் தெரியாத வாளேந்தியாக அடி வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்கிறீர்கள். நினைத்த இடத்தில் சேவ் பண்ண ஒரு மதுக்குப்பி செலவாகும், இல்லையென்றால் படுக்கை தேடிப் போய்த் தூங்க வேண்டும். பதினைந்து மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன், மாலையில் அரை மணி மட்டும் கிடைக்கிற ஆளுக்கு இது ஒத்துவராது. நீண்ட விடுமுறை கையில் இருக்கிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.